ஊசி குதிக்கும் இடம்

— அந்தச் சேர்ல உக்காராதடா கிளிஃபர்ட், ஒரு கால் ஆடறது. இப்படி வா, ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல. மிஷின் காதுல சரியா மாட்டிண்டிருக்கோன்னோ?

— காதுல இல்ல மச்சி, காதுக்குப் பின்னால. உள்ள ஒரு கம்பி, வெளிய ஒரு வட்டம். காந்தம் போட்டு மண்டைல ஒட்டிக்கினு கீது பாரு.

— நான் பேசறது நன்னா கேக்கறதா?

— கேக்குது பரத்து. மொத வாரம் எல்லாரும் ரோபோ மாரி பேசுனீங்க. இப்ப உன் குரல் உன் குரலாவே கீது. கீழ மாட வீதில எளநிக்காரன் எவன்கிட்டயோ சண்ட போட்றான், அது கூட கேக்குது.

— உனக்குக் காது போயி மூணு வருஷம்டா. ஒவ்வொண்ணையும் பேப்பர்ல எழுதி உங்கிட்ட நீட்டி, நீ கண்ணாடியத் தேடி எடுத்துப் படிக்கறதுக்குள்ள சொல்ல வந்ததே எனக்கு மறந்து போயிடும். போறும் அந்த அவஸ்த. ரெக்கார்ட் ப்ளேயரத் தொடச்சு வெச்சாச்சு, வாத்து ப்ளேட்ட எடுக்கறேன்.

— ஐயே, வந்ததும் வராததுமா ப்ளேட்டா. ஒரு காப்பி கெடையாதா?

— டிகாஷன் எறங்கிண்டிருக்கு. பாட்டு முடிஞ்சாத்தான் காப்பி. காலேஜ்லேந்து அதானே வழக்கம்.

— உன் வூட்டுக்காரம்மா விசாலாட்சி போனதுலேந்து நீயேதான் சமைக்கிறியா? தூக்கம் கீக்கம் வருதா?

— அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல இந்த அட்டயப் பாரு.

— அதே அட்ட. மாடிப்படில நிக்கிற வாத்து. மூர் மார்க்கெட் கடக்காரன் நம்மகிட்ட இன்னா கேட்டான், ஞாபகம் கீதா? புள்ளைங்க பாட்டான்னு கேட்டான். இல்லய்யா, லண்டன் ராக்குன்னேன். வாத்துக்கு இன்னாய்யா ராக்குன்னான்.

— கீறல் விழுந்தத நம்ம தலைல கட்டினானே, அதச் சொல்லு.

— கீறலு இல்லன்னா நம்மளுக்கு அந்தப் பாட்டே இல்ல மச்சி. கடசிப் பாட்டுல ட்ரம்ஸ் நின்னு ஆர்கன் மட்டும் வரும். கொஞ்ச நேரத்துல ஊசி கீறல்ல மாட்டி ஒரே குதி, நேரா கடசி சரணம். குதிச்சதும் நான் எழுந்து பாடணும், நீ டேபிள்ல தட்டணும். ஹாஸ்டல்ல அய்யாதுரை ரூம்ல எத்தினி தடவ பாடிக்கீறோம்.

— அவன் ஆர்கன் கட்சி. ஆர்கன்காரன் இல்லேன்னா இந்த பேண்டே கெடையாதும்பான்.

— நீ கிடாரு கட்சி. ரெண்டு பேரும் சட்டயப் பிடிச்சிக்கினு நிப்பீங்க. நான்தான் நடுவுல பூந்து வெலக்கணும்.

— இன்னிக்கு ரெண்டு கட்சியும் ஒண்ணுதான். மத்த பாட்டெல்லாம் சாவகாசமா கேப்போம், நேரா அதையே போடறேன். காத்துண்டிருந்து எனக்கே பொறுமை போயிடுத்து.

— போடு.

— ட்ரம்ஸ் வந்துடுத்து. கேக்கறதோ?

— கேக்குது, கேக்குது. தொடைல தட்டிக்கினே கீறேன் பாரு.

— கண்ணு கலங்கறதேடா.

— ஃபேன் காத்து. நீ பாட்ட கவனி.

— இதோ, ஆர்கன். எனக்கு இப்பவும் புல்லரிக்கறது, கையப் பாரு. என்னமா இழைக்கறான். சித்த பேசாம இரு, அந்த எடம் வரப்போறது.

— தெரியும் மச்சி, இதோ எழுந்துட்டேன். லா... லல லா... லல லலா... தட்டு பரத்து, டேபிள்ல தட்டு. இன்னா, சும்மா பாத்துக்கினு கீற?

— உக்காரு கிளிஃபர்ட்.

— ஏன், சுதி போச்சா? பாடி எவ்ளோ நாளாச்சு.

— ஊசி குதிக்கல.

— இன்னா?

— ஊசி குதிக்கலடா. இது புது ப்ளேட்டு. நீ ஆபரேஷனுக்குப் போன அன்னிக்கே சொல்லி வரவழச்சேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னு பழைய அட்டைக்குள்ள போட்டு வெச்சேன். அந்தக் கீறல் முழுங்கின எடத்த நாம ஒரு நாளும் கேட்டதில்ல. ஃபோன்ல தேடினா கெடச்சிருக்கும், நான் தேடல. உன்னோட சேந்துதான் கேக்கணும்னு இருந்தேன். அந்த எடத்துல உன் மூஞ்சி எப்படிப் போறதுன்னு பாத்துண்டிருந்தேன். ஆர்கன் இன்னும் ஓடிண்டேதான் இருக்கு. நீ கடைசி சரணத்தப் பாடிண்டு நிக்கற.

— அப்படியா.

— உனக்கு எதுவுமே கேக்கல, இல்லையா?

— தாளம் புரியுது. மத்ததெல்லாம் தகர டப்பால கல்லப் போட்டு குலுக்கற மாரி கீது. எது கிடாரு, எது ஆர்கன், எது மனுசன்னே தெரியல. மண்டக்குள்ள பழைய ப்ளேட்டு ஓடுது, அது கூடப் பாடுனேன். நீ அவ்ளோ ஆசயா பாத்துக்கினு இருந்த, எப்படிச் சொல்றது.

— போகப் போக சரியாயிடும்டா. பயிற்சியெல்லாம் இருக்குன்னு சொல்றா.

— பேச்சு இன்னும் தெளியும். பாட்டு சந்தேகம்தான். டாக்டரம்மா மொதல்லயே சொல்ட்டாங்க, பாட்டுக்காகப் பண்ணிக்கிறதா இருந்தா நல்லா யோசிச்சிக்கோங்கன்னு. முன்னாடி எல்லாம் ஸ்பீக்கர் மேல காத அழுத்தி வெச்சா கொஞ்சூண்டு வரும் மச்சி. தூரத்துல, ஆனா நெசமான ஆர்கன். ஆபரேஷன்ல அதுவும் போயிடும்னாங்க. போயிடுச்சு.

— தெரிஞ்சேவா பண்ணிண்ட? நான்தானேடா உன்ன நச்சரிச்சேன். காதைச் சரி பண்ணிக்கோ, வாத்து ப்ளேட்டு கேக்கலாம், வாத்து ப்ளேட்டு கேக்கலாம்னு. பாவி, இருந்ததையும் நான்னா புடுங்கிட்டேன்.

— நீ சொன்னதுக்காகப் பண்ணிக்கல.

— பின்ன எதுக்குடா? உன் ஆத்துக்காரி ஐரின் எழுதிக் காட்டறா, பசங்க மெசேஜ் அனுப்பறா, ஒரு கொறையும் இல்லாம ஓடிண்டிருந்தது. நீ உசிரா வெச்சிண்டிருந்தது இது ஒண்ணுதானே. இதையும் விட்டுட்டு எதைக் கேக்கறதுக்குடா காது?

— ஆர்கன் நின்னுச்சா?

— இன்னும் இல்ல.

— நிறுத்திட்டு வா. வந்து எதுக்க உக்காரு. உன் விசாலாட்சி செத்த அன்னிக்கு நான் ஓடியாந்தேன். நீ பேப்பர்ல 'போயிட்டா'ன்னு ஒரே வார்த்த எழுதி என் கைல குடுத்த. அதுக்கு மேல எழுத உனக்குக் கை வரல. என் தோளப் பிடிச்சிக்கினு ரொம்ப நேரம் பேசிக்கினே இருந்த. வாய் அசயறது தெரிஞ்சுது, எனக்கு ஒண்ணும் கேக்கல. இப்பக் கேக்குது. சொல்லு பரத்து, அன்னிக்கு எங்கிட்ட இன்னா சொல்லிக்கினு இருந்த?