காற்று விழும்வரை

வெறும் வயிற்றோடு யாரையும் நான் விமானத்தில் ஏற்றுவதில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையும் மச்சான் வரதராஜா ஊசி போட்டுக்கொண்டு, பிட்டும் சம்பலும் வயிறாரச் சாப்பிட்டார். சீனி வருத்தக்காரர், மூன்று வேளையும் இன்சுலின் போட வேண்டும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் அவரைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போகவில்லை.

அவர் என் மனைவி ரஞ்சினியின் அண்ணன். சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு வந்ததே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகத்தான். சனி காலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார். வீட்டில் அப்படியொன்றும் பெரிய சண்டை இல்லை. குசினி என்றால் சட்டி பானை முட்டுப்படத்தான் செய்யும். நான் ரஞ்சினி மேல் கை வைத்ததே கிடையாது. வெளியே போகும்போது வீட்டுத் தொலைபேசியைக் கழற்றிக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போவேன். வந்ததும் திரும்பக் கொழுவிவிடுவேன். தனியே இருக்கிற பெண்ணுக்குக் கண்டவர்களோடு என்ன கதை? இதைப் போய் அண்ணனுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறாள். அது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

ரஞ்சினி குசினிக்குள் நின்றபோது, "போறதுக்கு முந்தி ஒருக்காப் பறந்து பாருங்கோவன் மச்சான்," என்றேன். மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. என் மைக்ரோலைட் இரண்டு பேர் ஏறுகிற சின்ன விமானம். கடலோரப் பண்ணை ஒன்றில் நிறுத்தியிருக்கிறேன். அங்கிருந்து இருபது நிமிடம் பறந்தால் ஒரு தீவு. புல்லும் கடற்பறவைகளும்தான், வீடும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை.

மச்சான் தன் ஒரே பையைத் தோளில் கொழுவிக்கொண்டு, "போட்டு வாறன் பிள்ளை," என்றார். ரஞ்சினி வாசலில்தான் நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. நல்ல வளர்ப்பு.

மைக்ரோலைட்டுக்குப் பாரம்தான் எதிரி. மச்சானோ நல்ல தேகக்காரர். "பையைக் காரிலை விடுங்கோ. மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி வந்திடுவம்," என்றேன். ஊசிகள் இருந்த பையை நான்தான் டிக்கியில் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தீவில் புல் ஈரமாகக் கிடந்தது. இரண்டு பேரோடு எழும்பாது போல் எனக்குப் பட்டது. "நில்லுங்கோ மச்சான், ஒரு சுத்துச் சுத்திப் பாத்திட்டு வாறன்."

"ஓம், கவனம் மச்சான்," என்றார்.

மேலேயிருந்து பார்த்தேன். கையசைத்துக்கொண்டு நின்றார். என்ஜின் நன்றாகவே ஓடியது. காற்றும் எழும்பத் தொடங்கியிருந்தது, அப்படியே கரைக்கு வந்துவிட்டேன்.

"அண்ணா எங்கையப்பா?" என்று ரஞ்சினி கேட்டாள்.

"அவசரமாம், சிட்னிக்குப் போயிட்டார். உம்மைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை."

அவள் தொலைபேசி இருந்த மேசையைப் பார்த்தாள். திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்றேன். இருந்திருந்தால் சிட்னியில் இருக்கிற அண்ணிக்கு எடுத்துக் கேட்டிருப்பாள், பாவம்.

நான் திரும்பிப் போகத்தான் இருந்தேன் ஐயா. அந்தக் காற்றில் சின்ன விமானத்தை எழுப்ப முடியாது. மனிதன் என்னதான் செய்வான்? பொலிசுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். தொலைபேசி டிக்கிக்குள் இருந்தது. திறந்தால் அவருடைய பையைப் பார்க்க வேண்டிவரும். எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை மீன்பிடிக்கப் போனவர்கள் உடலைக் கண்டார்களாம். கரையைப் பார்த்தபடி சாய்ந்து கிடந்தாராம். கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வானிலைத் தாளை மூன்றாம் தடவையாக என் பக்கம் தள்ளுகிறீர்கள். எனக்கு வாசிக்கத் தெரியும். ஓம், வெள்ளி பின்னேரமே காற்று விழுந்துவிட்டது. சனிக்கிழமை முழுவதும் ஓர் இலைகூட அசையவில்லை. காலையிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் நான் வெளிக்கிடும் நேரத்தில் ரஞ்சினி அண்ணனோடு போகக் கட்டி வைத்த பெட்டியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை ஐயா. அவளாகத்தான் அடுக்கினாள்.