நெற்றிப் பொட்டும் இடது முழங்காலும்

அஜக்ஸ் போகும் மாலை ரெயினில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். வேலைச் சப்பாத்துப் போட்டிருந்த மூத்தவர், எடுத்த எடுப்பிலேயே சொன்னார்:

“டம்மிக்கு நான் பொட்டு வச்சது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.”

நான் போனைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

“எந்த டம்மி, அக்கா?”

“காருக்குள்ள இருத்தி, சுவரில மோதவிட்டு, எங்க அடிபடுகுதெண்டு பாக்கிற பொம்மை. இது பொம்பிளை டம்மி. என்ர உயரம், என்ர நிறை. சும்மா அனுப்ப மனம் கேக்கேல்லை. கோயில் குங்குமம் ஹாண்ட்பாக்கில கிடந்தது.”

“அதில என்ன பிழை?”

“எந்த இடம் எதில முட்டினதெண்டு தெரியத்தானே நாங்கள் கலர் பூசுறது. மூக்குக்கு நீலம், இடது முழங்காலுக்குச் சிவப்பு. மோதி முடியப் பாத்தா, எயார்பாக்கையும் மீறி ஸ்ரியறிங்கில சிவப்பு.”

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“முழங்கால் எப்பிடி அவ்வளவு மேல வந்ததெண்டு மூண்டு இன்ஜினியர்மார் மத்தியானம் வரைக்கும் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாத்தவை. பாவமாக் கிடந்தது. நானே போய்ச் சொல்லிப்போட்டன்.”

“ஐயோ, வேலை?”

“வேலை இருக்கு. குங்குமத்துக்குத்தான் தடை.”

“அப்ப, நெத்தி உண்மையாவே ஸ்ரியறிங்கில அடிபட்டிருக்கோ?”

“ஓம். கட்டையான ஆக்கள் நாங்கள் ஸ்ரியறிங்குக்குக் கிட்ட இருந்தெல்லோ கார் ஓடுறம். அண்டைக்கே என்ர கார் சீற்றைப் பின்னால தள்ளிப்போட்டன்.”

“நல்லதுதானே, அக்கா.”

“என்ன நல்லது? பிரேக் எட்டேல்லை. அதுதான் ரெயினில வாறன்.”