கேள்வி கேட்காத பெட்டி

ஹலோ… ஹலோ, பாப்பா… அண்ணன்தான் பேசுறேன்… ஆமா, ஆபீஸ் போன்லருந்து. என் நம்பரப் பாத்தா நீதான் எடுக்க மாட்டேங்குறியே… சரி, சரி, கடையில கூட்டம்னு தெரியும். ரெண்டே நிமிஷம். மருந்துக்கடை வச்சிருக்கிற தங்கச்சிகிட்ட கூடப்பொறந்தவன் ரெண்டு நிமிஷம் பேசக் கூடாதா?

… இல்ல, இல்ல. அதுக்காகக் கூப்பிடல. சத்தியமா அதுக்காக இல்ல. இது ஆபீஸ் விஷயம். பதினோரு மணிக்கு நான் பேசணும்… எங்கயா? எங்க கிடங்குலதான். போதைப்பொருள் விழிப்புணர்வுக் கூட்டம். வண்டி ஓட்டுறவன், மூட்டை ஏத்துறவன், கேட் வாட்ச்மேன் முதற்கொண்டு ஹால்ல வந்து உக்காந்திருக்கான். பாதுகாப்பு அதிகாரி நான்தானே? நான் பேசாம வேற யாரு பேசுவா?… எதுக்கு இப்ப சிரிக்கிற?

… கேளு. "தீமைகள்"னு ஒரு பக்கம் எழுதிட்டேன். "வரலாறு"ன்னு தலைப்பு போட்டு அடியில ரெண்டு கோடும் போட்டுட்டேன். கோட்டுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. நீ படிச்சவ. நாலு விஷயம் சொல்லு, எழுதிக்கிறேன்… ஆமா… ஆமா… அபின். அது தெரியும். ஆயிரக்கணக்கான வருஷமா… சரி, எழுதிட்டேன். அப்புறம்?… மார்ஃபின் அந்த அபின்லருந்து வந்ததா! யாரு பிரிச்செடுத்தது?… மருந்துக்கடையில வேலை பாத்தவரா? ஆஹா. நல்லா இருக்கு கதை. கிரேக்கக்காரங்களோட கனவுச் சாமி பேரையே அதுக்கு வச்சாரா? பேரு வைக்கிறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல… ம்… ம்… பல்லு மொளைக்கிற பச்சக் கொழந்தை அழாம தூங்குறதுக்கு மார்ஃபின் கலந்த மருந்தா? அட பாவிகளா! அது எங்க வித்துச்சு?… மருந்துக்கடையில. சரி. பல் வலிக்கு கொக்கெய்ன். அது எங்க?… அதுவும் மருந்துக்கடையிலதான். ஏம்மா, உங்க ஜாதகமே இப்படித்தானா?

… கோச்சுக்காத, கோச்சுக்காத. ஹெராயின் சொல்லு… என்னது?… இரு, திரும்பச் சொல்லு… இருமல் மருந்தாவா? ஹெராயின இருமலுக்கா குடுத்தாங்க?… மார்ஃபின் மாதிரி அடிமைப்படுத்தாதுன்னு விளம்பரம் வேற செஞ்சாங்களா! ஹா… ஹா… இது மேடையில சொன்னா சிரிச்சே செத்துருவானுங்க. அந்தக் காலத்து ஜனங்க எவ்வளவு ஏமாளியா இருந்திருக்கு பாரு. இருமல் மருந்துன்னு சொன்னா போதும், வாயத் தெறந்துருவாங்க போல.

… ஆ…ஆவ்… இல்லம்மா, கொட்டாவி. நேத்து சரியா தூங்கல. கால் ரெண்டும் ஒரு நிமிஷம் சும்மா கெடக்க மாட்டேங்குது, ஒதறிக்கிட்டே இருக்கு. உன் அண்ணி எந்திரிச்சு ஹால்ல போய் படுத்துட்டா… மூக்கா? இந்த ரெக்கார்ட் ரூம்ல ஒரே தூசி. பழைய பைல் பூராவும் இங்கதான் அடுக்கியிருக்கு. அதான் ஒழுகுது… கண்ணும்தான். தூசின்னா கண்ணுல தண்ணி வராதா?

அத விடு. இப்ப "உடம்பில் ஏற்படும் மாற்றங்கள்". டாக்டர் குடுத்த தாளு கையில இருக்கு, படிக்கிறேன், சரியான்னு சொல்லு. அபின் வகைக்கு அடிமையானவங்க அத நிறுத்துனா, கொட்டாவி. மூக்கு ஒழுகுதல். கண்ணுல நீர் வடிதல். வேர்வை. மயிர்க்கூச்சம். வயித்த முறுக்கும்… கால் ஒதறல்…

… படிச்சுட்டுத்தான் இருக்கேன்.

… இல்ல, அது வேற. அவங்க சாக்கடை ஓரமா சுருண்டு கெடக்கிறவங்க. நான் தெனமும் சவரம் பண்ணி, சட்டை தேச்சுப் போட்டு, ஒம்பது மணிக்கு முன்னாடி ஆபீஸ்ல நிக்கிற ஆளு. என்னப் போய்… பாப்பா, நான் குடிக்கிறது இருமல் மருந்து. பாட்டில் மேல இருமல் மருந்துன்னு போட்டிருக்கு. பழரச வாசனை வேற வருது. போதைப்பொருள்ல எவனாச்சும் பழரச வாசனை சேப்பானா?… அந்த மருந்துல இருக்கிற கோடீன் வயித்துக்குள்ள போனா ஈரல்ல மார்ஃபினா மாறுதா? மாறட்டும். நானா மாத்துனேன்? அது ஈரலோட தப்பு.

… இருமல் இருக்கான்னா? இல்ல. இருமல் இல்ல. ஏன் இல்ல? மருந்து குடிக்கிறதுனாலதான் இல்ல! இது கூடவா புரியல உனக்கு?

சரி, மறைப்பானேன். ஒரு பாட்டில் குடுத்தனுப்பு. ஒண்ணே ஒண்ணு. கூட்டம் முடியற வரைக்கும் கை நடுங்காம இருக்கணும். மைக்கப் புடிக்கணும்ல… டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டியா? கூடப்பொறந்தவன்கிட்ட சீட்டு கேக்குறியா? உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்க எத்தன ஊரு அலைஞ்சேன், உன்கிட்ட சீட்டா கேட்டேன்?… போன வாரம் வாங்குனது உன் அண்ணிக்கு. அதுக்கு முந்தின வாரம் வாங்குனது ஆபீஸ் முதலுதவிப் பெட்டிக்கு… ஆமா, முதலுதவிதான். எனக்கு.

… என்ன, ஆள் வந்திருக்கா? பாரு, பாரு. நான் லைன்லயே இருக்கேன்.

…

…

பாத்துட்டியா?… ம். இல்ல, நான் ஒண்ணும் பண்ணல. சும்மா பெட்டியத் தூக்கிப் பாத்தேன்… அதான் சொன்னேனே போன மாசம், நான் வச்ச பெட்டி. கேட் பக்கத்துல பூட்டு போட்டு வச்சோம். யாருகிட்ட என்ன போதைச் சமாச்சாரம் இருந்தாலும் அதுல போட்டுடலாம், யாரு, எவருன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டோம். அது ஐடியா யாருது? அண்ணனோடது. இன்னைக்கு மேனேஜர் எல்லாரு முன்னாடியும் தெறந்து, உள்ள இருக்கிறத ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுவாரு. அதுவரைக்கும் பெட்டியும் சாவியும் என் பொறுப்பு. நல்ல கனம், பாப்பா. ஆட்டுனா கலகலங்குது. எத்தன பேரு திருந்தியிருக்கான் பாரு! அதுலயும் எங்க துப்புரவு அம்மாதான் அதிகம் போட்டாங்களாம், வாட்ச்மேன் சொன்னாரு. தெனமும் வந்து போடுவாங்களாம். அவங்களுக்கு மேடையில பாராட்டுப் பத்திரம். நான்தான் கையெழுத்துப் போட்டேன். எங்கதான் தேடிப் பொறுக்குறாங்களோ, மகராசி.

… அந்த வண்டிக்காரனா? அவன் கதைய இப்ப எதுக்கு இழுக்குற? சட்டம்னா சட்டம். சாப்பாட்டுப் பையில பாட்டில் இருந்துச்சு, வேலைய விட்டு வீட்டுக்கு அனுப்புனேன். ஒரு பாட்டிலோ, ஒம்பது பாட்டிலோ… என்ன சொன்னானா? "இருமலுக்குத்தான் சார்"னான். எல்லாரும் சொல்றதுதானே அது. நான் சிரிச்சேன்.

… சரி விடு. பாப்பா, ஒரு யோசன. இந்தப் பெட்டிய முன்னாடியே ஒருக்கா தெறந்து பாத்துடலாம்னு இருக்கேன்… எதுக்கா? பாதுகாப்புக்குத்தான்! உள்ள ஏதாச்சும் வெடிக்கிற சாமான் இருந்தா? மேனேஜர் மூஞ்சில வெடிச்சா யாரு பதில் சொல்றது?… இல்லம்மா, எடுக்க மாட்டேன். அண்ணன நம்பு. கடமை.

… தெறந்துருச்சு. மேல பேப்பர். நியூஸ்பேப்பர்ல பொட்டலம் பொட்டலமா சுத்தியிருக்கு. நல்லா நறுவிசா சுத்தியிருக்கான் எவனோ… இதே மாதிரிதான் நானும்…

…

பாப்பா.

… இரு. பேசாத. ஒண்ணு பிரிச்சேன். இருமல் மருந்து… அடுத்ததும் அதுதான்… இதுவும். மூணும் காலி. ஒட்டின சீட்டுல உன் கடை முத்திரை. மூணு வேளைன்னு பேனாவுல எழுதி… ஆமா. பேரும் இருக்கு. வேற யாரு பேரு? என் பேருதான். எல்லாத்துலயும் என் பேருதான்!

… எத்தனயா? எண்ணுறேன்… இருபத்தாறு… ஹலோ… பாப்பா… இல்ல, நீ நாலுதான் குடுத்த. நீ நாலுதான். மத்தது நீ மத்தியானம் சாப்பிடப் போன நேரத்துல கவுண்டர்ல இருக்கிற பொண்ணுகிட்ட… அது மேல கோவப்படாத. நீதான் குடுக்கச் சொன்னேன்னு நான்தான் பொய் சொன்னேன். அழாத. ஏம்மா, நீ அழுதா எனக்கு… அழாதங்குறேன்ல!

எப்படி வந்துச்சா? எப்படியா! என் ரூம் குப்பைக்கூடையில போட்டேன். பேப்பர்ல சுத்தி, அடியில தள்ளி, மேல டீ கப்பெல்லாம் போட்டு மூடி வச்சேன். துப்புரவு ஆளுங்களுக்கு வகுப்பு எடுத்தவன் யாரு? நான். "குப்பையில மருந்து பாட்டில் கெடந்தா பெட்டியில போடுங்க, யாரு கூடைன்னு பாக்காதீங்க"ன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துனவன் யாரு? நான். அந்தப் புண்ணியவதி ஒரு வார்த்தை பிசகாம செஞ்சிருக்கு. ஒரு மாசமா! சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான் போல.

… ஒளிச்சுட்டா? எங்க ஒளிக்கிறது? பெட்டி காலியா இருந்தா அந்த அம்மா மேடையிலயே கேக்கும், "நான் போட்டதெல்லாம் எங்க சார்?"னு. அப்படியே விட்டா பாட்டில்ல என் பேரு இருக்கு. சீட்டக் கிழிக்கலாம்னு பாத்தா… என்ன பசைடி ஒட்டுற நீ? நகந்தான் பிய்யுது, சீட்டு வரல… நேரமா? பத்து அம்பது.

… நானா? நானே போய் சொல்றதா? மைக்குலயா? உனக்கென்ன மூளை கொழம்பிருச்சா? வேலை போயிடும். பதினெட்டு வருஷம், பாப்பா. புள்ளைங்க காலேஜ் போற வயசு… அந்த வண்டிக்காரனுக்கும் புள்ளைங்க இருக்கா? இருக்கும். கேக்கல நான். கேள்வி கேக்காம அனுப்புனேன்… தெரியும். தெரியும்மா. நீ சொல்லாத, எனக்கே தெரியுது.

… என்ன? ஒண்ணுமில்ல… ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் கனமா இருக்கு. அடியில கெடக்கு. ரெண்டு மடக்கு இருக்கும்… கீழ வச்சுட்டேன்… கத்தாத. வச்சுட்டேன்னு சொல்றேன்ல… என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கல… அதுவா, பேனா மூடி… பேனாவுக்குத் திருகு மூடி இருக்கக் கூடாதா?

…

ம்.

…

இருக்கேன்… இல்ல. அழல… நீ சொல்ற மாதிரியே வச்சுக்கோ. ஆமா. குடிச்சுட்டேன். யாரோ குப்பையில போட்ட பாட்டில எடுத்துக் குடிச்சேன். யாரோ என்ன, நான் போட்டதுதான். குப்பைக்கூடையில கெடந்தத குடிச்சேன், பாப்பா. சட்டையெல்லாம் தேச்சுத்தான் போட்டிருக்கேன்.

… இரு, கதவு தெறக்குது…

வாங்கம்மா… இதோ வரேன்னு சொல்லுங்க… என்னம்மா?… என்ன வேணும்?

… பாப்பா, எங்க துப்புரவு அம்மா. பத்திரம் வாங்குறதுக்கு நல்ல துணியா உடுத்திட்டு வந்திருக்காங்க. பாத்துட்டாங்க. பாட்டில் இன்னும் என் கையிலதான் இருக்கு… இல்ல, ஒண்ணும் கேக்கல. திட்டல. மூஞ்சியக் கூட சுளிக்கல. கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. "முடிஞ்சுருச்சுன்னா குடுங்க சார், பெட்டியில போட்டுடுறேன்"ங்குறாங்க.

…

குடுத்துட்டேன்.

… போட்டுட்டாங்க. மூடிட்டாங்க. பெட்டியத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குப் போறாங்க. நான் தடுக்கல, பாப்பா. தடுக்கணும்னு தோணுச்சு, கை வரல… மைக்ல என் பேரச் சொல்றாங்க. கேக்குதா? கை தட்டுறாங்க. கேக்குதா உனக்கு?

… ஆமா. போறேன். எழுதி வச்ச பேச்சப் படிக்க மாட்டேன். என்ன சொல்லப் போறேன்னு தெரியல. முதல்ல அந்த வண்டிக்காரனத் திரும்பக் கூப்பிடுங்கன்னு சொல்லணும். மேனேஜர் பெட்டியத் தெறக்கிறதுக்குள்ள சொல்லணும்… பயமா இருக்கும்மா. நெஜமாவே பயமா இருக்கு.

நீ கடைய மூடிட்டு இங்க வா… ஆமா, இப்பவே. டாக்டர்கிட்ட போறதுன்னாலும் நீ கூட வா, தனியா போனா நான் போக மாட்டேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். வரும்போது கையில ஒரே ஒரு…

… இல்லம்மா. ஒண்ணும் எடுத்துட்டு வராத. நீ மட்டும் வா.

வைக்கிறேன்.