காலியாக விட்ட இடம்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாயங்கால பாசஞ்சர். எதிர் சீட்டில் ஒரே நிற கம்பெனி டி-ஷர்ட்டில் இரண்டு பையன்கள், ஒருவன் உள்ளூர்க்காரன், மற்றவன் தெற்கத்திக்காரன்; நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலி. அவர்களுடைய சூப்பர்வைசர் ஜன்னலோரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

"இருங்காட்டுக்கோட்டைல நேரா பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். ட்ரெயின்ல போனாதான் டூருன்னு இந்தாளு தாம்பரம், செங்கல்பட்டுன்னு சுத்த வுட்டுட்டாரு" என்றான் உள்ளூர்க்காரன்.

"அத விடுல. கோயில் க்யூவப் பாத்தியா? கம்பெனில மெஷின் லைன்ல நிக்கிற அதே வரிசையிலல்லா நின்னோம்" என்றான் தெற்கத்திக்காரன்.

"ஆமாடா. நானு, அப்பால முத்து, அப்பால நீ."

"முத்துவத்தான் போன வாரம் வேலைய விட்டு அனுப்பிட்டாவளே."

"அதான். அவன் எடத்த காலியா வுட்டுக்கினு நின்னோம். இந்தாளு ஓடியாந்து, 'கேப் வுடாதீங்கடா, முன்னாடி போங்க'ன்றாரு. சாமி எதிர்லயே!"

"சாமி கும்பிடவும் டார்கெட் வச்சிருப்பாரு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வாலாஜாபாத்தில் கூடையோடு ஏறிய பெண் நடுவிலிருந்த இடத்தைக் காட்டினாள்.

"இங்க ஆள் கீறாங்களா தம்பி?"

சிரிப்பு நின்றது.

"இருந்தான்க்கா" என்றான் தெற்கத்திக்காரன். "நீங்க உக்காருங்க."