சிலந்தியின் விலாசம்

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கல்லூரியின் அடையாள அட்டை.

"சிலந்தியோட அட்ரஸை ஏன்டா நெட்ல போட்ட?" என்றாள் அவள். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"போட்டோதான்க்கா போட்டேன். மழைக்காட்டு டரான்டுலா, முன்னங்காலுக்கு அடியில மஞ்சள் பட்டை. என்ன இனம்னு தெரிஞ்சவங்க சொல்லுவாங்கன்னு..."

"சொன்னாங்களா?"

"ரொம்ப அரிதாம். லைக் குவிஞ்சிடுச்சு."

"எங்க இருக்குன்னு எவனாவது கேட்டானா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "ஒருத்தர் கேட்டார். மலையில டீக்கடைக்குப் பின்னாடி, பலாமரப் பொந்துன்னு சொன்னேன்."

அவனை அறைய எனக்கே கை துறுதுறுத்தது.

"லூசாடா நீ? பிடிச்சு வெளிநாட்டுக்கு விக்கிறவன்டா அவன்! கண்ணாடிப் பெட்டில வச்சு வளக்கறதுக்கு அங்க ஆள் இருக்கு. நாம பாத்த அத்தனை சிலந்தியும் அந்த ஒரு மரத்துலதான். டீக்கடை அண்ணனுக்கு போன் போடு. யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லச் சொல்லு."

பேசி முடித்தவன் முகம் செத்துப்போயிருந்தது. "நேத்தே ரெண்டு பேர் வந்தாங்களாம். என் ஃப்ரெண்ட்ஸ்னு நெனச்சு, அண்ணனே டார்ச் அடிச்சுக் காட்டினாராம்."

அவள் எழுந்தாள். "இறங்கு. கிளாம்பாக்கம் போய் மலைக்கு பஸ் பிடிப்போம்."

"இப்பப் போய் என்னக்கா பண்றது?"

"ஒண்ணாவது மிச்சம் வச்சானுங்களான்னு பாக்கணும்."