மார்வாவின் வீட்டைக் கழற்றவிடாத கிட்டன்ஸ் அம்மையாருக்கு

வேலை இழந்து வாடி வந்தோரின் வாயாக வாய்த்தவரே! மறுப்புக் கடிதம் கண்டு மலைத்து நின்ற மக்களுக்காக மன்றம் ஏறிய மாதரசியே! கிடப்பில் போட்ட கோப்புகளைக் கிளறி எடுத்த கிட்டன்ஸ் அம்மையாரே! பிரிட்ஜ்டவுன் தொழிற்சங்க மாளிகையின் மேல்முறையீட்டுப் பிரிவில் முப்பத்தோராண்டு அரும்பணி ஆற்றி, இன்று ஓய்வு பெறும் இயாந்தி கிட்டன்ஸ் என்னும் எங்கள் தலைவியே! இத்தனை ஆண்டும் தங்களிடம் திட்டு வாங்கிய நாங்கள், இன்று ஒரு நாள் தாங்கள் பதில் பேச முடியாது என்ற துணிச்சலில், தங்கள் முன் நின்று இம்மடலை வாசிக்கிறோம்.

பாராட்டு மடல் என்றால் பொறுமை, பணிவு, இன்சொல் ஆகிய மூன்றையும் முதலில் எழுதிவிடுவது வழக்கம். எழுத உட்கார்ந்தபோது அந்த மூன்றிலும் பேனா நின்றுவிட்டது. தங்கள் பொறுமை எவ்வளவு என்பது தொலைபேசியை எத்தனை தடவை மாற்றினோம் என்பதைப் பார்த்தாலே தெரியும். பணிவைப் பற்றி அமைச்சகத்து அதிகாரிகளைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் இன்று அழைத்தும் வரவில்லை. இன்சொல் என்று ஒன்று இருந்திருந்தால் அது எங்கள் அறைக்கு வெளியே, படிக்கட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் வேலையற்றவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. அவர்களுக்குத் தாங்கள் தேநீர் போட்டுக் கொடுத்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு ஒரு நாளும் போட்டதில்லை.

ஆனால் வீரம் என்று ஒரு குணம் உண்டே, அதை எழுதும்போது பேனா எங்கும் நிற்கவில்லை. விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்டால் உதவித்தொகை அலுவலகத்தில் ஒரே பதில்தான்: பார்வையில் இருக்கிறது. யாருடைய பார்வையில், அவரை நான் பார்க்க வேண்டும் என்று தாங்கள் திருப்பிக் கேட்பீர்கள். பதில் வராவிட்டால் அங்கேயே வரவேற்பறை நாற்காலியில் அமர்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பீர்கள். பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட மக்ரோனி பையும், பொரித்த பறக்கும் மீனும், கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்ச் சாஸும் அந்த மாடி முழுக்க மணக்கும். பசியோடு வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் மத்தியில் இது கொடுமை என்று ஓர் அதிகாரி எங்களிடமே முறையிட்டார். தாங்கள் மீனைத் தின்று முடிப்பதற்குள் பெரும்பாலும் கோப்பு கிடைத்துவிடும்.

தங்கள் வெற்றிகளை எல்லாம் வரிசைப்படுத்தினால் இந்த மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே ஒன்றே ஒன்றைச் சொல்கிறோம். கடற்கரை விடுதி ஒன்றில் பதினான்கு ஆண்டு கேக்கும் ரொட்டியும் சுட்ட மார்வா கிரீனிட்ஜின் வழக்கு அது.

சுற்றுலாப் பருவம் முடிந்த கையோடு விடுதி மார்வாவை வீட்டுக்கு அனுப்பியது. அவர் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். அலுவலகம் விடுதியை விசாரித்தது. ‘அவர் தாமாகவே விலகினார்’ என்று விடுதி எழுதிக் கொடுத்தது. தாமாக விலகியவருக்கு உதவித்தொகை கிடையாது; மறுப்புக் கடிதம் வந்தது. தாங்கள் மேல்முறையீடு செய்தீர்கள். அது ஒரு முறை நடுவர் ஒருவர் வராததால் தள்ளிப்போனது, ஒரு முறை விடுதியின் வழக்கறிஞருக்கு உடம்பு சரியில்லாமல் தள்ளிப்போனது, இன்னொரு முறை ஏன் தள்ளிப்போனது என்றே யாரும் சொல்லவில்லை.

இதற்கிடையே செயின்ட் பிலிப் வட்டாரத்தில் மார்வாவின் வீடு தள்ளிப்போடத் தயாராக இல்லை. மரவீடு அவருடையது, அது நின்ற மனை இன்னொருவருடையது. மனை வாடகை நின்றால் வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் ஊர் நியாயம் அது. மனைக்காரர் கெட்டவர் அல்லர். பல மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த மாதக் கடைசியோடு இடத்தைக் காலி செய்து தரச் சொல்லிவிட்டார். கழற்றிய வீட்டைக் கொண்டுபோய் வைக்க மார்வாவுக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை. விசாரணைக்கு நாள் குறித்தபோது அது மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையாக அமைந்தது.

அன்று எங்களுக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வாய்ச்சொல்லுக்கு எதிராக வாய்ச்சொல், அதில் ஒரு வாய் கோட்டும் டையும் போட்டிருந்தது. வேலையில் இருக்கும் எவரும் சாட்சி சொல்ல வரவில்லை. தாங்களோ முந்தைய வாரம் முழுவதும் மார்வாவை உட்கார வைத்துக்கொண்டு, அந்த விடுதியில் இதுவரை யார் யார் எப்படிப் போனார்கள், போன அன்று என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வழக்கை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிறார் என்று எங்களுக்குள் முணுமுணுத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை தீர்ப்பாயத்தில் விடுதி மேலாளர் தம் பெருந்தன்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். யாரும் கேட்காமலே ஆரம்பித்தார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஊழியர்களைக் குடும்பம் மாதிரி நடத்துகிறோம் என்றார், கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடை கொடுக்கிறோம் என்றார். பிறகு நடுவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“இந்தம்மா போறப்பக்கூட கறுப்புக் கேக் வெட்டித்தான் சார் அனுப்பி வச்சோம். முதல் துண்டை நானே வெட்டிக் குடுத்தேன்.”

தாங்கள் கோப்பை மூடினீர்கள். தாங்கள் கோப்பை மூடினால் என்ன பொருள் என்பது எங்களுக்குத் தெரியும். பாவம், அந்த மனிதருக்குத் தெரியாது.

“நல்ல பழக்கம் சார்,” என்றீர்கள். “போன வருஷம் உங்ககிட்ட இருந்து மூணு பரிமாறுற பசங்க பக்கத்து விடுதிக்குப் போய்ச் சேந்தாங்களே, அவங்களுக்கும் கேக் வெட்டினீங்களா?”

மேலாளருக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. “அவனுங்களுக்கா? தானா விட்டுட்டுப் போறவனுக்கு எதுக்கும்மா கேக்? பச்சத் தண்ணி கூடக் கிடையாது. நாங்களா அனுப்புறவங்களுக்குத்தான் கேக்கு.”

பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த, விடுதியின் பழைய சமையல்காரர்களுக்குத்தான் முதலில் புரிந்தது. ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். வழக்கறிஞர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடைசியாக மேலாளருக்கும் புரிந்தது; அவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார், அது காலியாக இருந்தது.

தாங்கள் அத்தோடு உட்கார்ந்திருந்தாலும் வென்றிருப்போம். ஆனால் இன்னொன்று கேட்டீர்கள், தாழ்ந்த குரலில், அந்தக் கேக்கைச் சுட்டது யார் என்று. மார்வாதான் எழுந்து நின்றார்.

“நாந்தாம்மா சுட்டேன். பழத்த ரம்முல ஊறப்போட்டதும் நாந்தான். யாருக்குன்னு கேட்டேன், சொல்லல. வெட்டுறப்பத்தான் எனக்குன்னு தெரிஞ்சுது.”

அதற்கு மேல் அந்த அறையில் யாரும் இருமவில்லை. நடுவர்கள் உள்ளே போய்த் திரும்ப அதிக நேரம் ஆகவில்லை. மார்வா வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், உதவித்தொகை நிலுவையோடு முழுவதும் தரப்பட வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

சங்கத்து வண்டியில் நாம் செயின்ட் பிலிப்புக்குப் பறந்தோம். மார்வாவின் தம்பிமார் இருவரும் கடப்பாரையும் சுத்தியலுமாக வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். ஜன்னல் கதவுகள் புல்லில் கிடந்தன. பக்கச் சுவர் ஒன்று பாதி போய், உள்ளே கட்டிலும் சுவரில் மாட்டிய படமும் தெருவுக்குத் தெரிந்தன. வண்டி நிற்பதற்கு முன்பே தாங்கள் இறங்கினீர்கள். முழங்கால் வலிக்காரி என்று சொல்லி எங்களைத் தேநீருக்கு ஓடவிட்ட தாங்கள், வேலியைத் தாண்டியதை எல்லோரும் பார்த்தோம்.

“சுத்தியலக் கீழ போடாதீங்கடா,” என்று கத்தினீர்கள். “புடுங்கின ஆணியெல்லாம் நிமித்தித் திருப்பி அடிங்க.”

அன்று அந்தச் சுவரில் ஆணி அடிக்காத அக்கம்பக்கத்தார் யாருமில்லை. எதிர்க்கடைக்காரர் ரம் புட்டியோடு வந்தார். மனைக்காரரே ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்களும் அடித்தோம், பாதி ஆணி வளைந்தது, அதற்கும் திட்டு வாங்கினோம். எங்கள் பணிவாழ்வில் அதைவிடப் பெருமையான மாலை ஒன்று இருந்ததில்லை என்பதை இந்த மண்டபத்தில் உரக்கச் சொல்கிறோம்.

சுவர் மூடியதும் மார்வா தங்களிடம் வந்து ஒன்று சொன்னார். அதை இம்மடலில் சேர்த்தே ஆக வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். இதோ, மூன்றாம் வரிசையில் பச்சைத் தொப்பியோடு அமர்ந்திருக்கிறார்.

“வீடு போயிருந்தாக்கூட எங்கயாவது கெடந்திருப்பேம்மா. பதினாலு வருஷம் ஒழச்சவள, தானா போயிட்டான்னு எழுதுனாங்க பாருங்க. அத அடிச்சு அழிச்சுட்டீங்கல்ல. எனக்கு அது போதும்.”

எதற்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்று எங்களில் பலருக்கு அன்றுதான் விளங்கியது. பணம் பிறகு வந்தது, அதுவும் தாமதமாகவே வந்தது. ஆனால் ஒரு மனுஷியின் பெயரில் எழுதப்பட்ட பொய்யை, எழுதியவன் வாயாலேயே தாங்கள் அழிக்கவைத்தீர்கள். அம்மா, தங்களை நாங்கள் நேசிக்கிறோம். இதுவரை சொன்னதில்லை, சொல்ல விட்டிருக்கவும் மாட்டீர்கள்.

நோயற்ற உடலும், நோகாத முழங்காலும், நொடிப்பொழுதும் குறையாத கோபமும் பெற்று, தாங்கள் நூறாண்டு வாழ வேண்டும் என்று இறைவனிடம் விண்ணப்பித்திருக்கிறோம். அங்கே தாமதமானால் வாசலில் உட்காருவோம். மறுத்தாலும் வெறுங்கையோடு திரும்பி வரமாட்டோம், அம்மா. தாங்கள் பழக்கிய ஆட்கள் நாங்கள்.

பேரன்புடனும் பெருமிதத்துடனும்,
மேல்முறையீட்டுப் பிரிவுத் தோழர்கள் அனைவருக்காகவும்,
தங்கள் எதிர்மேசைக்காரன் எல்ரிக் அலெய்ன்
பிரிட்ஜ்டவுன்