சொல்லு… கேக்கறேன்

சாயங்காலம் ஆறே முக்கால். வேங்கிக்கால் ஏரிக்கரை ரோடு. கரண்டு இல்லை, செல் டவரும் இல்லை. மழை மட்டும்…

சந்திரகலா, அந்த வேன் ஜன்னலைச் சாத்து. சாரல் அடிக்குது. டிரைவர் டயர் மாத்தறதுக்குள்ள சொல்லிடறேன்.

"உள்ள இருக்கிற இருட்டு பத்தலையா உங்களுக்கு?"

பத்தாது. கிட்ட வந்து உக்காரு.

இது நம்ம விமல்ராஜோட தாய்மாமாவுக்கு நடந்தது. ஆமா, கீழ்பென்னாத்தூர் உரக்கடை விமல்ராஜ்தான். மாமா பேரு அறிவுச்செல்வன். வேங்கிக்கால் பக்கம் அரசாங்க மானியக் குடியிருப்பு ஒண்ணுல முதல் மாடி. குடியிருப்போர் சங்கச் செயலாளர். அந்தப் பதவி போதும் அவருக்கு. வாசல்ல கோலம் பெருசா இருந்தாக்கூட நோட்டீஸ் ஒட்டுவார்.

அன்னிக்கு அந்த ரோட்டுல ஸ்கூட்டர்ல வந்துட்டிருந்தார். ஏரி வழிஞ்சு பாதிச் சக்கரம் வரைக்கும் தண்ணி. டிக்கியில ஒரு கட்டிங் பிளேயர். அதை வச்சு மத்தியானம்தான் ஒரு காரியம் முடிச்சிருந்தார்.

அவருக்கு நேர் கீழ், ரோட்டை விடப் பள்ளமான தரை வீட்டுல ரூக்ஸார்னு ஒரு பொண்ணு. முப்பது வயசு. பொறந்ததிலேர்ந்து கால் வராது, சக்கர நாற்காலி. நாக்கும் குழறும். அவ ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிர்ல இருக்கிறவங்க மூணு வார்த்தை ஊகிச்சு, மூணும் தப்பா இருக்கும். அம்மா ரஹமத் கல்யாண மண்டபத்துல பாத்திரம் தேய்ச்சு ரெண்டு பேரையும் காப்பாத்தினாங்க.

ஆனா அவகிட்ட ஒரு ஹாம் ரேடியோ இருந்தது. செல்போன் டவரே வேணாம். ஒரு செம்புக் கம்பியை ஜன்னல்லேர்ந்து வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டிட்டா போதும், ஜப்பான்காரனோட பேசலாம். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தா. வாயால இல்ல… மோர்ஸ். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம், அதைக் கோத்தா ஒவ்வொரு எழுத்து. தினமும் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு உக்காருவா. நடுங்கற அந்த விரல், மோர்ஸ் தட்டற கருவியில பட்டா நடுங்காது. அங்க யாரும் அவளை "என்னம்மா சொல்றே?"னு கேட்டதில்லை.

மாமாவுக்கு அது ஆகலை.

"ஏம்மா, ஒதுக்கீட்டு ஆர்டரைப் படிச்சியா? வெளியில எந்தக் கம்பியும் கட்டக் கூடாது. இடி உன் வீட்டு மேல மட்டுமா விழும்?"

"லை… லைசென்…"

"சென்ட்ரல் கவர்மென்ட் லைசென்ஸ்தானே? டெல்லியில போய் கட்டு."

மொட்டை மாடி பூரா டிஷ் குடைங்க. அது கண்ணுல படலை. மூணு தடவை அவ ஆள் வச்சுக் கட்டினா, மூணு தடவையும் எடுக்க வச்சார். "வீடு வேணுமா, கம்பி வேணுமா, முடிவு பண்ணிக்கோ"ன்னார். சாய்தளம் வச்ச வேற வீடு அவளுக்கு எங்க கிடைக்கும்? ஆனாலும் நாலாவது தடவை கட்டினா.

அதைத்தான் அன்னிக்கு மத்தியானம் வெட்டினார். வெட்டிட்டு, "ஒதுக்கீட்டை ரத்து பண்ணுங்க"ன்னு ஆபீஸ்ல மனுவும் குடுத்துட்டு வர்றார்.

மாடி ஏறினார். ஈரச் சட்டையை உதறினார். கீழ்லேர்ந்து ஒரு குழறல்… அவ கத்தறா. எப்பவும் குழறறவதானேன்னு விட்டுட்டார். அப்புறம் சமையல்கட்டுல…

டக். டக். சர்ர்…

நாலு மாடிக்கும் ஒரே இரும்புத் தண்ணிக் குழாய். அதுல யாரோ கரண்டியால தட்டறாங்க, இழுக்கறாங்க. தட்டினா குட்டை. இழுத்தா நெட்டை.

மாமாவுக்கு ரத்தம் ஏறிடுச்சு. "கம்பியை வெட்டினதுக்கு வெறுப்பேத்தறாளா?" செல்லை எடுத்துப் பதிவு பண்ண ஆரம்பிச்சார். ஆபீஸ்ல காட்ட ஆதாரமாம்! அஞ்சு நிமிஷம் பொறுத்தார். சம்சாரம் அருணாதேவி, "கீழ தண்ணி ஏறுதோ என்னவோ, ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்"ன்னாங்க.

"நடிப்புடி அதெல்லாம்!"

தோசைக்கரண்டியை எடுத்தார். கோபத்துல குழாயை ஒரு இழு இழுத்தார். ஒரு குத்து. மறுபடி ஒரு இழு.

சர்ர்… டக்… சர்ர்.

கீழ சத்தம் நின்னுச்சு. குழறலும் நின்னுச்சு.

"பாத்தியா?"ன்னு சிரிச்சார்.

ரெண்டு வினாடி கழிச்சு தட்டல் மறுபடி ஆரம்பிச்சது. இந்தத் தடவை நிதானமா, திருத்தமா. செல்லுல பதிவு ஓடிட்டே இருந்தது. கத்தல் மட்டும் இல்லவே இல்லை. மழைச் சத்தத்தோட தட்டலும் கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு… எட்டு மணிக்கு ஓய்ஞ்சது.

ரஹமத்தம்மா டவுன்லேர்ந்து தண்ணியில நீந்தாத குறையா வந்து சேர்ந்தப்ப விடிஞ்சிருந்தது. கதவை உடைச்சாங்க. மகள் நாற்காலியிலேயே இருந்தா. கையில கரண்டி.

தரை வீட்டைப் பூட்டி சீல் வச்சாங்க. அந்தம்மா வேலூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்தத் தட்டலைப் பத்தி மாமா யார்கிட்டயும் சொல்லலை.

ஒன்பதாம் நாள். சாயங்காலம் ஆறே முக்கால். பூட்டின வீட்டுலேர்ந்து…

டக். டக். சர்ர்…

நந்தினி, பின்சீட்டுல பல்லைக் கடிக்காதே. நீ பண்ற சத்தம் எனக்கே பயமா இருக்கு.

பத்தாம் நாள். பதினோராம் நாள். தினமும் அதே நேரம். குழாய்ல சேத்து வாடை வேற. பிளம்பர் வந்தான், "காத்து அடைச்சிருக்கு சார்"னு முந்நூறு வாங்கிட்டுப் போனான். பதிமூணாம் நாள் மாமாவால முடியலை. டவுன்ல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிற முபினைத் தேடிப் போனார். அவனும் ஹாம்தான். ரூக்ஸாருக்குத் தம்பி மாதிரி, அக்காங்கறதுக்கு 'ஆபா'ன்னுதான் கூப்பிடுவான்.

செல்லுல இருந்த அந்தப் பதிவைப் போட்டார். முபின் கண்ணை மூடிக் கேட்டான். பேனாவை எடுத்தான். ஒவ்வொரு எழுத்தா எழுதினான்.

"ஆபாவோட கைதான் இது… 'வேங்கிக்கால், தரை வீடு. தண்ணி மார்புக்கு வந்தாச்சு. தனியா இருக்கேன். நடக்க முடியாது'… இதையேதான் சொல்றாங்க."

நடுவுல அந்தச் சத்தம் வந்தது. சர்ர், டக், சர்ர்.

முபின் நிமிர்ந்தான். "இது யாரு?"

"நான்தாம்பா. வாயை மூடுன்னு… சும்மா ஒரு தட்டு."

"அங்கிள், இது மோர்ஸ்ல ஒரு எழுத்து. நாங்க ஒவ்வொருத்தரும் பேசி முடிச்சதும் அடிப்போம். 'சொல்லு… கேக்கறேன்'னு அர்த்தம்."

மாமா செல்லை எடுக்கக் கை நீட்டினார்.

"யாரோ புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நம்பியிருக்காங்க. அதான் கத்தறதை நிறுத்தியிருக்காங்க. நீங்க கேட்டதாலதான்… பொறுமையா, பதினாறு தடவை சொல்லியிருக்காங்க."

அப்புறம் மாமா கேட்ட கேள்வி என்ன தெரியுமா? மன்னிப்பு இல்ல.

"சரிப்பா… 'பேச்சு முடிஞ்சது'ன்னு எப்படித் தட்டணும்?"

முபின் ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தள்ளினான். மூணு தட்டு, ஒரு இழுப்பு, ஒரு தட்டு, ஒரு இழுப்பு. "ஆனா அங்கிள், முடிக்கிறேன்னு ஒருத்தர் சொன்னா மட்டும் முடியாது. எதிர்ல இருக்கிறவங்களும் சம்மதிக்கணும்."

அன்னிக்கு ஆறே முக்கால். சமையல்கட்டுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு குழாய்கிட்ட உக்காந்தார். செல்லுல முபின் லைன்ல இருந்தான். சீட்டைப் பார்த்துத் தட்டினார். டக் டக் டக் சர்ர் டக் சர்ர்.

அமைதி.

அருணாதேவி, "அப்பாடா"ன்னு சாமி விளக்கு ஏத்த ஹாலுக்குப் போனாங்க.

அப்பதான் கீழ்லேர்ந்து… மெதுவா, ரொம்ப மரியாதையா…

சர்ர்… டக்… சர்ர்.

"அங்கிள், வெளிய வாங்க! உடனே வெளிய வாங்க!"ன்னு முபின் கத்தினான். லைன்ல கொட கொடன்னு ஒரு சத்தம். குடம் நிரம்பற மாதிரி. அவ்வளவுதான்.

சமையல்கட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. அக்கம்பக்கம் வந்து உடைச்சாங்க. மாமா நாற்காலியில உக்காந்திருந்தார். உயிர் இல்ல. சட்டை காலர் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது. தலைமுடி காஞ்சிருந்தது. தரையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மழையும் இல்ல அன்னிக்கு. வாயில ஏரிச் சேறு.

முதல் மாடிங்க அது!

விமல்ராஜ்தான் சொன்னான், சுவத்துல நாலு பக்கமும் சேத்துக் கோடு ஒண்ணு, நூல் பிடிச்ச மாதிரி. அவன் பக்கத்துல நின்னு அளந்து பார்த்திருக்கான். அவன் இடுப்புக்குத்தான் வந்திருக்கு.

மாமாவுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்தது. எழுந்து நின்னிருந்தாலே போதும்…

எழுந்திருக்கலை.